நான் போட்ட ஆறாவது கட்டம்

அந்தத் தாளை எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கேட்கிறவர்கள் பாதியில், "யாரு அந்தக் கிறுக்கு, அப்படி ஒரு கட்டத்தப் போட்டது?" என்று கேட்டுவிடுகிறார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் காப்பி டம்ளரைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் இராஜபாளையத்தில் ஒரு கழிவுப் பஞ்சு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஊரில் எல்லாருக்கும் அது 'வேஸ்ட் கம்பெனி'. ஸ்பின்னிங் மில்களில் மிஞ்சுகிற தூசிப் பஞ்சு, காயத்துக்குச் சுற்றுகிற கட்டுத்துணி நெய்கிற இடங்களில் வெட்டிப்போடுகிற ஓரத்துணி எல்லாவற்றையும் வாங்கி, ரகம் பிரித்து, பேல் கட்டி பம்பாய்க்கு அனுப்புவோம். பிரிக்கிற வேலையை நாங்கள் செய்வதில்லை. வெளியே மூன்று ஷெட்காரர்கள் செய்து கொடுத்தார்கள். எங்கள் ஆபீஸில் அவர்களுக்கு 'சப்ளையர்' என்று பெயர். அந்த ஷெட்களில் யார் உட்கார்ந்து பிரிக்கிறார்கள், எத்தனை மணி நேரம் உட்கார்கிறார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் யாரும் மெனக்கெடவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து போவேன். வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா, "தலையெல்லாம் பஞ்சு, தட்டிட்டு வாட்டி" என்பாள். இத்தனைக்கும் நான் பஞ்சைத் தொட்டதே கிடையாது. ஆபீஸ் காற்றில் பறக்கிறதே அவ்வளவு. அப்படியானால் ஷெட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் கதி என்ன என்று ஒரு நாளாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

ஒரு நாள் பம்பாய்க்காரரிடமிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. அவரிடம் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்களாம்: உங்கள் கம்பெனியிலும் உங்கள் சப்ளையர்களிடமும் யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கவில்லை, அடிமையாகப் பிடித்து வைக்கவில்லை என்று எழுத்துமூலம் வேண்டுமாம். நான் அதை முதலாளிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டார்.

"நம்மகிட்ட யாரும்மா அடிமை? சங்கிலியா போட்டு வச்சிருக்கோம்? வெளிநாட்டுக்காரனுக்கு வேற சோலி கெடையாதா? என்னமாவது ஒண்ண எழுதி, ஷெட்டுக்காரவியகிட்ட கையெழுத்து வாங்கி அனுப்பிரு."

என்னமாவது ஒன்றை எழுதி அனுப்பியிருந்தால் ஒரு கெடுதலும் நடந்திருக்காது. ஆனால் எனக்குத்தான் எதையும் ஒழுங்காகச் செய்தாக வேண்டும் என்கிற வியாதி உண்டே! ஷெட்காரரே கையெழுத்துப் போட்டால் அதில் என்ன அர்த்தம், வேலை செய்கிறவர்கள் அல்லவா சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தமிழில் அழகாக டைப் அடித்தேன். 'நான் இங்கு என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலை செய்கிறேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.' அதற்குக் கீழே கட்டங்கள். வரிசை எண், பெயர், ஊர், வயது, கையெழுத்து அல்லது கைநாட்டு. ஐந்து கட்டம் போட்ட பிறகும் எனக்குத் திருப்தி வரவில்லை. ஷெட்காரரே உட்கார்ந்து இல்லாத பெயர்களை எழுதி, தன் பெருவிரலையே நாற்பது தடவை உருட்டி அனுப்பிவிட்டால்? ஆள் நிஜம் என்பதற்கு ஒரு அத்தாட்சி வேண்டாமா? அதனால் ஆறாவதாக ஒரு கட்டம் போட்டேன். ரேஷன் கார்டு எண்.

எவ்வளவு கெட்டிக்காரி நான்!

இரண்டு ஷெட்காரர்கள் ஆறாவது கட்டத்தைக் காலியாகவே விட்டு அனுப்பினார்கள். அவர்களைப் போனில் கூப்பிட்டுத் திட்டினேன். மூன்றாமவர் பெரிய சப்ளையர். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி, சுந்தரபாண்டியம் போகிற வழியில் அவருடைய ஷெட். அவர் மட்டும் மூன்றே நாளில் நாற்பது பேர் விவரத்தையும் ஒரு கட்டம் விடாமல் நிரப்பி, கையோடு கொண்டுவந்து கொடுத்தார். நாற்பது கைநாட்டு, நாற்பது கார்டு எண். கூடவே எனக்கு ஒரு பால்கோவாப் பொட்டலம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கே பால்கோவா கொண்டுவந்து கொடுக்கிற ஆளை என்னவென்று சொல்ல! ஆனாலும் வாங்கிக்கொண்டேன். "உங்கள மாதிரி எல்லாரும் இருந்தா எனக்கு வேலையே இல்லண்ணாச்சி" என்று பாராட்டவும் செய்தேன். தாளை ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைத்துவிட்டு அசலைப் பம்பாய்க்கு அனுப்பினேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆபீஸ் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். புருவத்திலும் காதோரத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் வாசற்படியிலேயே நின்றார். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"அந்தத் தாள எழுதினது நீங்கதானா தாயி?"

"எந்தத் தாள்?"

"கைநாட்டு வச்சோமே, அது. என் கைநாட்டத் திருப்பிக் குடுங்க. நான் வேலைய விட்டு நிக்கணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

அவர் அந்தச் சுந்தரபாண்டிய வழி ஷெட்டில் ஆறு வருடமாகப் பஞ்சு பிரிக்கிறார். புருஷன் இல்லை. புருஷன் சீக்காகக் கிடந்தபோது ஷெட்காரரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். அங்கே எல்லாருமே அப்படி வாங்கியவர்கள்தான். அது கழியவே கழியாதாம். கழியும்வரை வேறு இடத்துக்கு வேலைக்குப் போகக்கூடாது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போவதானாலும் ஷெட்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இருந்தும் அவ்வப்போது யாராவது ஒரு குடும்பம் துணிந்து சேத்தூர்ப் பக்கமோ வேறெங்கோ போய்ப் பிழைத்துக்கொள்ளும். போகிறவர்களைப் பிடித்து நிறுத்த ஷெட்காரர் கையில் அதுவரை எதுவும் இருக்கவில்லை.

அதைத்தான் நான் கொடுத்தேன்.

"கம்பெனியில கார்டு நம்பரு கேக்காவ, எல்லாரும் கார்டக் கொண்டாங்கன்னாரு. குடுத்தோம். எழுதிட்டுத் தாரேன்னாரு. தரல. கேட்டா, பத்திரமா பீரோவுல இருக்கு, ஒங்க வீட்டுல வச்சா எலி கடிச்சிரும்ங்காரு. அரிசிக்கும் சீனிக்கும் அவரே ஆள் விட்டு வாங்கித் தாராரு. நிக்கேன்னு சொன்னா, சொந்த விருப்பத்துல வேலை பாக்கேன்னு கைநாட்டு வச்சிருக்கெல்லா, தாளு கம்பெனியில இருக்கு, நீ போனா கம்பெனிக்காரவிய போலீஸ்ல குடுத்துருவாவன்னு சொல்லுதாரு."

"நாங்களா? போலீஸ்லயா?"

"எனக்கு என்ன தெரியும் தாயி? நீங்கதான எழுதினிய."

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் வந்தது என்றுதான் தெரியவில்லை. யாரும் கட்டிப்போடவில்லை என்று சாட்சி சொல்லத்தான் நான் அந்தத் தாளை அடித்தேன். அந்த ஆள் அதை வைத்தே நாற்பது குடும்பத்தைக் கட்டிப் போட்டுவிட்டார்.

அந்த அம்மா ஏன் அன்றைக்கு அவசரமாக வந்தார் என்பதையும் சொன்னார். மூத்த பெண் ஐந்தாம் வகுப்பு பாஸாகியிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசாங்க விடுதியில் சேர்த்து ஆறாம் வகுப்பு படிக்க வைக்கலாம் என்று அவளுடைய வாத்தியார் சொல்லியிருக்கிறார். ரேஷன் கார்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். இவர் ஷெட்காரரிடம் கார்டைக் கேட்டிருக்கிறார். "பொம்பளப் பிள்ளைக்கு என்னத்துக்கு ஹாஸ்டலு? செவ்வாய்க்கெழமையிலருந்து இங்க கூட்டிட்டு வா, ஒம் பக்கத்துலயே உக்காரட்டும்" என்றாராம்.

"ஒரு தடவ உள்ள உக்காந்துட்டான்னா முடிஞ்சுது தாயி. நான் உக்காந்தேன்லா" என்றார்.

முதலில் கார்டை வாங்குவோம், கைநாட்டைப் பிறகு பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினேன்.

முதலாளியிடம் போனேன். முழுவதும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு எங்கள் எல்லாருக்கும் துணி எடுத்துக் கொடுப்பவர். ஆனால் தலைவலி வருகிற எந்த விஷயமும் அடுத்தவருடைய விஷயமாகத்தான் அவருக்குத் தெரியும்.

"அது அவரு ஷெட்டும்மா. அவரு ஆளுக. நம்ம போயித் தலையிட்டா நல்லாவா இருக்கும்? அவரு சரக்க நிறுத்திட்டாருன்னா பம்பாய்க்கு யாரு பதில் சொல்றது?"

"பம்பாய்க்குத்தான் ஏற்கெனவே பதில் சொல்லியாச்சே சார். யாரும் அடிமை இல்லன்னு."

"அதான் சொல்லியாச்சுல்ல. பொறவு என்ன?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆமா, அந்தக் கார்டு கட்டத்தப் போட்டது யாரு?" என்று கேட்டார்.

நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு நானே ஷெட்டுக்குப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே இருமல் சத்தம் கேட்டது. தகரக் கூரைக்குக் கீழே நாற்பது பேர் பஞ்சுக் குவியல்களுக்கு நடுவே வாயில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னிடம் வந்த அம்மாவும் அங்கே இருந்தார். என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நான் மூன்று வருடமாக அந்த ஷெட்டின் பெயரைத் தினமும் டைப் அடித்திருக்கிறேன். உள்ளே கால் வைத்தது அன்றைக்குத்தான்.

ஷெட்காரர் எனக்கு நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்து உபசரித்தார். கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. பீரோவைத் திறந்து காட்டினார். எங்கள் கம்பெனி ஓரத்துணியாலேயே பத்துப் பத்தாகக் கட்டி, ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். கோயில் உண்டியலுக்குக்கூட அத்தனை பத்திரம் கிடையாது.

"நீங்க கேட்டதத்தான தங்கச்சி செஞ்சேன்? நம்பரு வேணும்னிய. நாளைக்கு எவனாவது வந்து சரிபாக்கணும்னா நான் நாப்பது வீட்டுக்கும் அலைய முடியுமா? கம்பெனி லெட்டர்ல, மொதலாளி கையெழுத்தோட எழுதிக் குடுங்க. அந்தச் செகண்டே குடுத்துருதேன்."

மறுபடியும் ஒரு தாள்! வாயால் சொன்னால் எவனுக்கும் காதில் விழாது. டைப் அடித்து, கீழே ஒரு கிறுக்கல் இருந்தால் மட்டும் வேதவாக்கு. கலரைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

அந்தக் கையெழுத்தை முதலாளி தெரிந்து போடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தெரியாமல் போடுவார். சாப்பிட்டு வந்தபிறகு அரை மணி நேரம் அவருக்குக் கையெழுத்து நேரம். நான் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுபோய் வைப்பேன். அவர் போனில் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டுத் தள்ளுவார். எதையும் வாசிக்கமாட்டார். அந்தப் பழக்கத்தைப் பார்த்து நான் எத்தனையோ நாள் தலையில் அடித்துக்கொண்டதுண்டு. வியாழக்கிழமை மத்தியானம் அதை நானே பயன்படுத்திக்கொண்டேன். 'பம்பாயிலிருந்து அதிகாரி ஒருவர் ஷெட்களைப் பார்வையிட வருகிறார். வெள்ளிக்கிழமை காலை ஒவ்வொரு தொழிலாளியும் தம் ரேஷன் கார்டைத் தம் கையில் வைத்திருக்க வேண்டும்.' லாரி வாடகைத் தாளுக்கும் சாக்கு பில்லுக்கும் நடுவில் செருகி வைத்தேன். கையெழுத்து விழுந்தது. சாயங்காலம் சரக்கு எடுக்கப் போன லாரியில் கொடுத்து அனுப்பினேன். அதிகாரியாவது ஒன்றாவது! அப்படி ஒருவர் இருந்தால்தானே வருவதற்கு.

வெள்ளிக்கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சனிக்கிழமையும் ஒரு சேதியும் இல்லை. திங்கட்கிழமை மத்தியானம் ஷெட்காரர் போன் செய்தார்.

"என்ன தங்கச்சி, ஒரு பயலும் வரல? அந்தத் தாள்ல பதினேழாம் நம்பரா இருக்கால்லா, அந்தப் பொம்பள, டீ குடிக்கப் போறேன்னு கார்டோட போனவதான். ஆளக் காணும். மகள விடுதியில சேத்துட்டாளாம்."

எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்து குதிக்கலாம் போல் இருந்தது. சந்தோஷத்தைக் குரலில் காட்டாமல், "சரி, மத்தவங்க கார்டெல்லாம்?" என்று கேட்டேன்.

"அதையெல்லாம் அன்னைக்குச் சாயங்காலமே வாங்கி உள்ள வச்சாச்சு. நீங்கதான எழுதியிருந்திய, வெள்ளிக்கிழமை கையில இருக்கணும்னு? வெள்ளிக்கிழமதான் முடிஞ்சிருச்சே."

அட கடவுளே! இனிமேல் எப்போதும் அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுத எனக்கு விரல் இல்லாமல் போய்விட்டதா? டைப்பிங்கில் லோயர், ஹையர் எல்லாம் பாஸ் செய்து என்ன பிரயோஜனம்? அன்றைக்கு நான் என்னைத் திட்டிக்கொண்டதையெல்லாம் எழுதினால் அச்சில் ஏறாது.

சரி, இப்போதாவது அந்த வரியை எழுதலாம் என்று பார்த்தால், இனி எப்போதும் என்று எழுதிவிட்டால், கார்டு ஒரேயடியாகக் கைவிட்டுப் போகிறதே என்று ஷெட்காரர் நேரே முதலாளிக்குப் போன் போடுவார். குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் அடுத்த வாரமும் அதே தாளை அடித்தேன். அதிகாரி இந்த வெள்ளிக்கிழமை வருகிறார். அதற்கடுத்த வாரமும் வருகிறார். வாராவாரம் அந்த மனிதர் வந்துகொண்டே இருந்தார், வந்து சேரத்தான் இல்லை. ஷெட்காரர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் பீரோவைத் திறந்து, கட்டை அவிழ்த்து, பெயர் கூப்பிட்டுக் கார்டு கொடுப்பார். சாயங்காலம் பெயர் கூப்பிட்டு வாங்குவார். ஒரு வாரம் ஒருத்தி, "வீட்டுல மறந்து வச்சிட்டேன், நாளைக்குத் தாரேன்" என்றாளாம். அடுத்த வாரம் மூன்று பேருக்கு மறதி. அதற்கடுத்த வாரம் எட்டுப் பேர். மறதி ஷெட்டுக்குள் அம்மை மாதிரிப் பரவிற்று. ஒவ்வொரு கார்டோடும் ஒரு குடும்பம் கிளம்பியது.

"அந்த ஆளு வருவானா, மாட்டானா? எனக்கு வெள்ளிக்கெழமன்னாலே மண்டையடி வருது" என்று ஷெட்காரர் போனில் கத்தினார்.

"தேர் முடியட்டும்ணாச்சி, வந்துருவாரு" என்றேன்.

எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித் தேர் நிலைக்கு வந்து சேர்ந்தபோது பீரோவில் ஆறு கார்டுதான் மிச்சம் என்று லாரி டிரைவர் சொன்னார். அந்த ஆறு பேருக்கு என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நன்றாகச் செய்துவிட்டேன் என்று நினைக்கும்போதெல்லாம் அந்த ஆறுதான் குறுக்கே வந்து நிற்கிறது.

அதே வாரம் பம்பாயிலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் அனுப்பிய தாள் அருமையாக இருக்கிறதாம். முக்கியமாக, அடையாள எண் கேட்டிருப்பது புத்திசாலித்தனமாம். அதைத் தங்களுக்குச் சரக்கு தருகிற எல்லா ஊர்க் கம்பெனிகளுக்கும் மாதிரியாக அனுப்பப் போகிறார்களாம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பாத்தியாம்மா, ஒன் தாளு எங்க போயிருக்கு பாரு" என்று சிரித்தார். ஆறாவது கட்டத்தை எடுத்துவிடச் சொல்லி நான் அவர்களுக்கு மூன்று கடிதம் அடித்தேன். மூன்றையும் அதே கையெழுத்து நேரத்தில்தான் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

பதினேழாம் நம்பர் அம்மா ஆவணி பிறந்ததும் ஆபீஸுக்கு வந்தார். இராஜபாளையத்திலேயே ஒரு கட்டுத்துணி யூனிட்டில் சேர்ந்திருந்தார். காதோரத்தில் பஞ்சு இல்லை. இந்தத் தடவை உள்ளே வந்து, சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் விடுதியில் முதல் வாரம் அழுதாளாம், இப்போது வீட்டுக்கு வந்தால் எப்போது திரும்பிப் போவோம் என்று கேட்கிறாளாம். சொல்லிச் சிரித்தார். பிறகு கையை நீட்டினார்.

"கார்டு கெடச்சிருச்சு. என் கைநாட்டு?"

நான் மறந்தே போயிருந்தேன். ஃபைலைப் பிரித்து ஜெராக்ஸை எடுத்துக் காட்டினேன். பதினேழாவது வரியில் கறுப்பாக ஒரு தீற்றல்.

"இது நெழலுல்லா. நெசத்துத் தாளு எங்க?"

"பம்பாய்ல இருக்குக்கா."

"அங்க அத என்ன செய்வாவ?"

"ஒண்ணும் செய்யமாட்டாங்க. பத்திரமா வச்சிருப்பாங்க."

"இவருந்தான் பத்திரமா வச்சிருந்தாரு" என்றார்.

அவர் ஜெராக்ஸில் இருந்த அந்தத் தீற்றலின் மேல் தன் பெருவிரலை வைத்துப் பார்த்தார். அளவு சரியாகத்தான் இருந்தது.

"அப்போ பம்பாய்க்காரவிய கணக்குல நான் இன்னும் அந்த ஷெட்டுலதான் இருக்கேனா?"

"ஆமாக்கா."

"என் சொந்த விருப்பத்துல?"

எழுதியது நான்தானே. ஆமாம் என்றேன்.